பேய்க்கதை கேட்கும் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

“மகனுக்குப் பன்னிரண்டு முடிஞ்சிட்டுது, பேய் நாவல் வேணும் எண்டு நிக்கிறான், குடுக்கலாமா அக்கா?” இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு புத்தக அலுமாரி இருக்கிறது. ஒழுங்கைப் பிள்ளைகளும் என் மகளோடு படிக்கிறவர்களும் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், வாசித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். 11 வயதிலிருந்து 15 வயது வரை உள்ளவர்கள் அந்த அலுமாரியைத் திறந்ததும் முதலில் தேடுவது திகில் கதையைத்தான். ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்ற வித்தியாசமே இல்லை. அதனால் எதைக் கொடுக்கலாம், எதை மேல் தட்டில் வைக்க வேண்டும் என்று நான் சில வருடங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பிடிபட்டதை இங்கே சொல்கிறேன்.

கேட்கிற தாய்மாருக்கு என் பதில், கொடுக்கலாம், ஆனால் முதலில் நீங்கள் வாசியுங்கள் என்பதுதான். படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு, வயது வந்தோருக்கு மட்டும் என்று போட்டிருப்பார்கள், தியேட்டர் வாசலிலேயே தெரிந்துவிடும். நாவலுக்கு அப்படி எதுவும் கிடையாது. பிள்ளைகளுக்கென்று எழுதிய புத்தகங்களில் சில பதிப்பகங்கள் வயதைப் போடுகின்றன, மற்றபடி மண்டையோடு போட்ட ஒரு அட்டைக்குள்ளே 10 வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே வாசிக்கக்கூடிய கதையும் இருக்கலாம், எனக்கே இரவு நித்திரை வராத கதையும் இருக்கலாம். அட்டையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

முழுதாக மறுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த வயதில் பிள்ளைகள் பயத்தைத் தேடிப் போவது இயல்பு. பயத்தை இவ்வளவு தூரம் தாங்குவேன் என்று தன்னைத் தானே அளந்து பார்க்கிற வயது அது. அதற்குப் புத்தகத்தைவிடப் பாதுகாப்பான இடம் வேறு இல்லை. புத்தகத்தில் வேகம் பிள்ளையின் கையில் இருக்கிறது. பயம் கூடினால் மூடி வைக்கலாம், ஒரு பக்கத்தைத் தாண்டிப் போகலாம், கடைசிப் பக்கத்தைப் புரட்டி அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத் திரும்பவும் விட்ட இடத்துக்கு வரலாம். படத்தில் இது எதுவும் முடியாது, சத்தமும் முகமும் ஒரே நொடியில் வந்து விழும். தவிரவும் வாசிக்கிற பிள்ளை தன் மனதால் எவ்வளவு உருவத்தைக் கட்ட முடியுமோ அவ்வளவுதான் கட்டும். ஒரே பந்தியை 11 வயது மருமகனும் நானும் வாசித்தோம், அவனுக்குத் தெரிந்தது நிழல் மட்டும், எனக்குத் தெரிந்தது வேறு. (மருமகன் என்றால் அண்ணாவின் மகன், எங்கள் வீட்டில்தான் பாதி நேரம்.)

பேய்க்கதை என்றதும் முகம் சுளிக்கிற பெரியவர்கள்தான் கரண்ட் போன இரவுகளில் பிள்ளைகளைச் சுற்றி இருத்திக் கொள்ளிவாய்ப் பேயையும் சுடலையையும் கதைத்தவர்கள். திருகோணமலையில் வளர்கிற பிள்ளைக்குத் திகில் கதை புதிதே இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. மலையையே வாளால் பிளந்தவன் என்று சொல்லித்தான் காட்டுகிறோம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும், தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் நிலத்தில் குத்திய இடங்கள் என்று சொல்கிறோம். சாவும் மலையும் சுடுதண்ணீரும் சேர்ந்த கதைதானே அது?

கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில் ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்துப் பெண் ஒருத்தி, பிரான்சினா வான் ரீட், தன்னை விட்டுவிட்டுக் காதலன் கப்பலில் போவதைக் கண்டு 1687ஆம் ஆண்டு அந்த உச்சியிலிருந்து கடலில் குதித்தாள் என்பது கதை. ஆனால் ஒல்லாந்தர் பதிவுகளின்படி அவள் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து திருமணமும் செய்திருக்கிறாள். இதை நான் சொன்னபோது மருமகன் கேட்டான், “அப்ப மாமி, ஏன் எல்லாரும் குதிச்சவள் எண்டு சொல்லுகினம்?” அந்த ஒரு கேள்வியிலிருந்து அன்று பின்னேரம் முழுக்கக் கதைத்தோம். ஒரு உயரமான பாறை, கீழே கடல், பெயர் பொறித்த ஒரு கல், இவை மூன்றும் இருந்தால் சனம் மிச்சக் கதையைத் தானே கட்டிவிடும் என்று அவனே சொன்னான். திகில் கதையைப் பிள்ளையோடு இப்படிப் பிரித்துப் பார்க்க முடிந்தால் பயத்தின் பாதி அங்கேயே இறங்கிவிடுகிறது. அதேநேரம் அந்தக் கதை ஒரு தற்கொலைக் கதை, அதையும் நான் மறக்கவில்லை. அதைப்பற்றிக் கீழே சொல்கிறேன்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பேயைத்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு கோரமாக வருகிறது, எத்தனை முறை வருகிறது, இரத்தம் இருக்கிறதா என்று. நான் பேயைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அந்தப் பேய் எப்படிச் செத்தது என்பதைத்தான் பார்க்கிறேன்.

தமிழில் மாத நாவல்களாக வந்து குவிந்த திகில் கதைகளை எடுத்துப் பாருங்கள். அநேகமாகப் பேய் ஒரு பெண். அவளை யாரோ ஏமாற்றியிருப்பான், அல்லது நாலு பேர் சேர்ந்து கெடுத்துக் கொன்றிருப்பார்கள், அவள் திரும்பி வந்து ஒவ்வொருவராகப் பழிவாங்குவாள். பழிவாங்கும் பகுதியில் பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் இல்லை, கெட்டவன் சாகிறான், பிள்ளை கைதட்டும். ஆபத்து நடுவில் வருகிற அந்தப் பழைய கதை அத்தியாயத்தில் இருக்கிறது. சில எழுத்தாளர்கள் அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோவார்கள், அது சரி. சிலர் அந்தப் பெண்ணின் உடம்பைப் பக்கக்கணக்கில் வர்ணித்து, அவள் கெஞ்சுவதை இழுத்து எழுதி, வாசிக்கிறவருக்கு அதில் ஒரு ருசி வரும்படி எழுதியிருப்பார்கள். 12 வயதுப் பெண் பிள்ளை அதை வாசித்தால் பேய்க்குப் பயப்படமாட்டாள், தான் பெண்ணாக இருப்பதற்குப் பயப்படுவாள். ஆண் பிள்ளை வாசித்தால் என்ன பழகுவான் என்பது எனக்கு இன்னும் பெரிய கவலை. அந்த மாதிரிப் புத்தகத்தில் பேய் ஒரே ஒரு தடவைதான் வருகிறது என்றாலும் நான் கொடுப்பதில்லை.

தற்கொலையும் இப்படித்தான். பேயாகத் திரும்பி வருகிறவள் முதலில் தூக்கிலோ கிணற்றிலோ முடிந்திருப்பாள். அது கதையில் இருப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்படிச் செய்தாள் என்று விவரமாக எழுதியிருக்கிறதா, செத்த பிறகுதான் அவளுக்குப் பலம் வந்தது, எல்லாரும் அவளை நினைத்து அழுதார்கள், பழி தீர்ந்தது என்று சாவை ஒரு வெற்றியாகக் காட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டாவதுதான் மோசம். பரீட்சைப் பயம், வீட்டுச் சண்டை, நட்பு முறிவு எல்லாம் சேர்ந்து அழுத்துகிற வயதில் ஒரு பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நமக்குத் தெரியாது. பிரான்சினாவின் கதையைச் சொல்லும்போதும் நான் அவள் பிறகு வாழ்ந்தாள் என்பதையே அழுத்திச் சொல்வேன். எந்தப் பிள்ளையாவது சாவைப் பற்றித் தன்னைச் சேர்த்துக் கதைத்தால் அதைப் புத்தகப் பைத்தியம் என்று தள்ளிவிடக் கூடாது. பக்கத்தில் இருந்து நேரடியாகக் கேட்க வேண்டும். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

இன்னும் இரண்டு விசயம் பார்ப்பேன். ஒன்று, மனநோய். எத்தனையோ நாவலில் தனியே கதைக்கிற பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று கட்டிவைத்து அடிக்கிறார்கள், வேப்பிலை அடித்ததும் சுகமாகிறது. எங்கள் ஒழுங்கையிலேயே மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிற ஒரு அன்ரி இருக்கிறார், அவருடைய பேரனும் என் அலுமாரிக்கு வருகிறவன். அவன் அந்தப் புத்தகத்தை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மம்மாவை எப்படிப் பார்ப்பான்? மற்றது, மந்திரவாதி யார் என்பது. தூரத்து ஊர்க்காரன், வேறு பாஷைக்காரன், வேறு சாதிக்காரன், இப்படியே ஒரு கூட்டத்தைக் கெட்டவர்களாக வைத்து எழுதுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே டியூசன் வகுப்பில் இருந்து படிக்கிற ஊர் இது. அப்படி ஒரு புத்தகம் என் அலுமாரியிலிருந்து போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பிறகு, திருகோணமலைக்கு என்று ஒரு விசயம் இருக்கிறது. வெளியூர்க்காரர் எழுதிய ஆலோசனைகளில் இது வராது. இங்கே பல வீடுகளில் உண்மையான திகில் நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி இப்போது வாசிக்கிற பிள்ளைகள் பிறப்பதற்கு முந்தியதுதான், ஆனாலும் கடற்கரை வீடுகளில் அது இன்னும் குடியிருக்கிறது. திருக்கடலூரிலிருந்து வரும் ஒரு பிள்ளை, 13 வயது, இரத்தக் காட்டேரிக் கதை எதுவானாலும் சிரித்துக்கொண்டே முடிப்பாள். ஒரு நாவலில் நடு இரவு வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் இடம் வந்தது. அந்த இடத்தோடு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். “பயமா எண்டு இல்லை மாமி, அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவா” என்றாள். அவளுடைய பெரியம்மா அலையில் போனவர். பிள்ளை தனக்காக நிறுத்தவில்லை, தாய்க்காக நிறுத்தியிருக்கிறாள். எனக்கு அது பெரிய பாடம். அதிலிருந்து நான் தண்ணீரில் மூழ்கும் கதைகளைக் கொடுக்கும்போது யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்த்துக் கொடுக்கிறேன்.

யுத்தமும் அப்படித்தான். இரவில் கதவைத் தட்டுகிற சத்தம், கூட்டிக்கொண்டு போனவன் திரும்பி வராதது, ஆளில்லாத வீடு, இவையெல்லாம் திகில் நாவலில் வழக்கமாக வருகிற சாமான்கள். பிள்ளைக்கு அது விளையாட்டு. அதே புத்தகத்தை மேசையில் கண்டு எடுத்துப் புரட்டுகிற தகப்பனுக்கோ அப்பப்பாவுக்கோ அது விளையாட்டு இல்லை. அதனால் புத்தகம் கேட்கிற தாய்மாரிடம் நான் பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை, வீட்டில் யாருக்கு எது கதைக்க முடியாத விசயம் என்றும் கேட்கிறேன். முதலில் சங்கடப்படுவார்கள், பிறகு சொல்வார்கள். அப்படிச் சொன்னதாலேயே சில வீடுகளில் பிள்ளைக்குத் தெரியாமல் வைத்திருந்த கதை முதல் தடவையாகப் பிள்ளையிடம் போயிருக்கிறது. அது நல்லது என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாதி தெரியும், மீதியை அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள், கற்பனை எப்போதும் நடந்ததைவிடக் கூடத்தான் பயமுறுத்தும்.

வயதைப் பற்றி. சின்னப் பிள்ளைகள் பயப்படுவது பார்வைக்குக் கோரமாக இருப்பவற்றுக்கு, பல், நகம், முகம். 9, 10 வயது தாண்டினால் அது மாறும், உண்மையில் நடக்கக்கூடியது எது என்பதுதான் பயம் தரும். வீட்டுக்குள் ஆள் புகுவது, அம்மா சாவது, நண்பர்கள் ஒதுக்கிவைப்பது. ஆகவே 12 வயதுப் பிள்ளைக்கு ஏழு தலைப் பேயைக் கொடுத்தால் பிரச்சினை இல்லை, பிள்ளை கடத்துகிற சாதாரண மனிதனைக் கொடுத்தால் ஒரு கிழமைக்குத் தனியே கடைக்குப் போகாது. பெரியவர்கள் இதை மறுபக்கமாகப் பார்க்கிறார்கள், பேய் இல்லாத கொலைகாரக் கதையைத் துப்பறியும் கதை என்று பயமில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனாலும் ஒரே வயதில் இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி இல்லை. என் மகள் 13 வயதில் வாசித்ததை, இப்போது 13 வயதாகிற அவள் சித்தி மகளுக்கு நான் கொடுக்கமாட்டேன். அந்தப் பிள்ளை பூனை செத்தாலே மூன்று நாள் சாப்பிடாது. வயதைக் கேட்பதைவிட, கடைசியாக எதை வாசித்துப் பயந்தாய், அப்போது என்ன செய்தாய் என்று கேட்பது பயன் தரும். “பயந்தன், அக்காட்டப் போய்ப் படுத்தன், அடுத்த நாள் மிச்சத்தை வாசிச்சன்” என்று சொல்லுகிற பிள்ளை அடுத்த படிக்குப் போகலாம். “எனக்கொண்டும் பயமில்லை” என்று மார்தட்டுகிறவர்களைத்தான் நான் கொஞ்சம் அதிகமாகக் கவனிப்பேன்.

இரவில் வாசிக்க விடாதீர்கள். இது எல்லாப் பெற்றோருக்கும் நான் முதலில் சொல்லும் விதி. பின்னேரம், விறாந்தையில், ஆட்கள் நடமாடுகிற நேரத்தில் வாசிக்கட்டும். வாசித்து முடித்துக் குளித்து, சாப்பிட்டு, தம்பியோடு சண்டைபிடித்து, அதற்குப் பிறகு படுக்கட்டும். கெட்ட கனவு பெரும்பாலும் இரவின் பின்பாதியில், விடியலை அண்டித்தான் வரும், பிள்ளை விழித்து என்ன கண்டேன் என்று சொல்லும். தட்டிக்கொடுத்தால் போதும். படுத்து முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கண்ணைத் திறந்தபடி அலறி, யாரையும் அடையாளம் தெரியாமல், காலையில் ஒன்றும் நினைவில்லாமல் எழும்புவது வேறு வகை. அதற்குப் புத்தகத்தைவிடக் காய்ச்சலும் நித்திரைக் குறைவும் களைப்பும்தான் பெரிய காரணங்கள், அந்த நேரம் உலுப்பி எழுப்பத் தேவையில்லை, விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் தானே அடங்கிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் புத்தகத்தைக் கிழித்தெறிகிறார்கள்!

ஓரிரு நாள் லைற் போட்டுக்கொண்டு படுப்பது, கிணற்றடிக்குத் துணைக்கு ஆள் கேட்பது எல்லாம் சாதாரணம். கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறது, காரணமில்லாமல் வயிற்றுவலி, விருப்பமான விளையாட்டையும் விட்டுவிட்டது என்றால் அது புத்தகத்தோடு நிற்கிற பிரச்சினை இல்லை. வேறு ஏதோ இருக்கிறது, புத்தகம் அதைக் கிளறிவிட்டது. வைத்தியரிடம் காட்டுங்கள்.

நான் எப்படி வாசித்துப் பார்க்கிறேன் என்று கேட்பார்கள். நேரமில்லாதபோது முதலில் கடைசி அத்தியாயம், பிறகு நடுவில் அந்தப் பழைய கதை வரும் இடம். இந்த இரண்டையும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். முடிவில் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன், எல்லாரும் சாகலாம், ஆனால் யாரோ ஒருவர் யாருக்காவது நின்றிருக்க வேண்டும். சந்தேகமான பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பேன், மகளுக்கு முன்னால் என்னால் சத்தமாக வாசிக்க முடியவில்லை என்றால் அது மேல் தட்டுக்குப் போகும்.

தொடக்கத்துக்குச் சிரிப்பும் பயமும் கலந்தவை நல்லது. விக்கிரமாதித்தனும் வேதாளமும் இதற்கு இன்றைக்கும் பிழையில்லை, சுடலை, பிணம், முருங்கை மரம் எல்லாம் இருக்கும், ஆனால் மனம் புதிரில் இருக்கும். ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளைகளுக்கு 1992இல் தொடங்கிய கூஸ்பம்ப்ஸ் வரிசை பழைய புத்தகமாகக் கிடைத்தால் வாங்குங்கள், ஒவ்வொரு அத்தியாயமும் திடுக்கிட வைத்து முடியும், ஆனால் கொடூரம் மிகக் குறைவு. அதேபோலக் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியை நான் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தி வாசித்துக் காட்டுவேன். யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொண்டு சாப்பாட்டுக்கு ஆயத்தமாகிற பேய்கள்! 12ஆம் நூற்றாண்டிலேயே நம் புலவன் இவ்வளவு துணிந்து எழுதியிருக்கிறான் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடத்தின் மேலேயே ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

பழைய உலக இலக்கியம் என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். 1818இல் வந்த பிராங்கென்ஸ்டைன் நாவலில் ஒரு சிறுவன் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறான், செய்யாத அந்தக் கொலைக்காக வீட்டில் வேலை செய்த பெண்ணைத் தூக்கில் போடுகிறார்கள். 1897இல் வந்த டிராகுலாவில் பைக்குள் கட்டிக் கொண்டுவரும் ஒரு குழந்தை வருகிறது, அந்தக் குழந்தையைத் தேடி வரும் தாய்க்கு நடப்பதை வாசிக்க எனக்கே முடியவில்லை. இரண்டும் பெரிய நூல்கள்தான், ஆனால் சுருக்கிய பதிப்பில் எதை விட்டிருக்கிறார்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மகளுக்கு 14 வயதில் பிராங்கென்ஸ்டைனைக் கொடுத்தேன். அவள் பயப்படவே இல்லை, படைத்தவனே கைவிட்ட அந்த உருவத்துக்காக அழுதாள், “அதுக்கு ஒரு பேர் கூட வைக்கேல்லையே அம்மா” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல திகில் கதை பிள்ளையை இப்படி இளகவும் வைக்கும்.

போனில் வாசிப்பது தனிப் பிரச்சினை. கதைச் செயலிகளில் தமிழ்த் திகில் தொடர்கள் ஏராளம் இருக்கின்றன, நன்றாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நடுவில் ஒரு பதிப்பாசிரியர் இல்லை, ஒரு பேய்க்கதை முடிந்ததும் அடுத்து எது வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. தொடராக வருவதால் கடைசி அத்தியாயத்தை முன்கூட்டிப் பார்க்கவும் வழியில்லை, கேட்பாரில்லாமல் போர்வைக்குள் நடு இரவில் வாசிப்பதும் அங்கேதான் நடக்கிறது. 14 வயது வரைக்குமாவது திகிலை அச்சுப் புத்தகத்தில் வாசிக்கட்டும் என்பது என் கருத்து. வீட்டில் புத்தகம் கிடைக்கிற பிள்ளை போனில் தேடுவது தானாகவே குறைகிறது, நான் கண்ணால் கண்டது.

வீட்டுப் பெரியவர்கள் மறுத்தால் நான் மீறிக் கொடுப்பதில்லை. பேயைப் பற்றி வாசித்தால் வீட்டுக்குள் வரும் என்று ஒரு அம்மம்மா சொன்னார். நான் அவரோடு வாதாடவில்லை. காரைக்கால் அம்மையார் தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொண்டு திருவாலங்காட்டுச் சுடலையைப் பாடியவர், அறுபத்து மூவரில் அமர்ந்த கோலத்தில் இருக்கிறவர் என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன், அவ்வளவுதான். யோசித்துவிட்டு, சரி, வெள்ளிக்கிழமை மட்டும் வாசிக்க வேண்டாம் என்றார். அதை அந்தப் பிள்ளை இன்றுவரை கடைப்பிடிக்கிறது. ஒரு முஸ்லிம் தாய், ஜின் வருகிற கதை வேண்டாம், மற்றது பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார். தேவாலயத்துக்குப் போகிற ஒரு குடும்பம் சாத்தானை அழைக்கிற சடங்குகள் உள்ள கதை வேண்டாம் என்றது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே இதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். நம்பிக்கையை மதித்தால்தான் தாய்மார் மனம்விட்டுக் கதைப்பார்கள், கதைத்தால்தான் பிள்ளைக்கு வேறு நல்ல புத்தகம் போகும்.

பாதியில் நிறுத்திய பிள்ளையை யாரும் பகிடி பண்ணக் கூடாது. அலுமாரிக்குப் பக்கத்தில் இதற்கு நான் இடமே கொடுப்பதில்லை. ஆண் பிள்ளைகளுக்குள் இந்தப் பகிடி அதிகம், “பயந்தாங்கொள்ளி” என்ற ஒரு சொல்லுக்காகவே பிடிக்காத புத்தகத்தைக் கடைசிவரை வாசித்து அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இடத்தோடு போதும் என்று தனக்குத் தானே சொல்லத் தெரிந்த பிள்ளை போனில் கண்டதையும் மூடத் தெரிந்த பிள்ளையாக வளரும். அதேபோல மூத்தவர்கள் இளையவர்களுக்கு இரவில் வாசித்துக் காட்டுவதையும் கவனியுங்கள். 14 வயதுக்காரிக்குக் கொடுத்த கதை 8 வயதுக்காரனின் காதுக்குப் போவது அப்படித்தான்.

வாசித்து முடித்த பிறகு கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டே, எந்த இடத்தில் நம்பமுடியாமல் இருந்தது என்று மட்டும் கேட்பேன். பிள்ளைகள் எழுத்தாளனின் பிழையைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள், பிழை பிடிக்கப் பிடிக்கப் பயம் போய்விடும். அப்புறம் சிலர் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். மருமகன் பிரெட்ரிக் கோட்டைக்குள் இரவில் மான்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்பதாக ஒரு கதை எழுதினான். எதைப் பார்க்கின்றன என்று கடைசிவரை சொல்லவே இல்லை. நான் வாசித்துவிட்டு உண்மையிலேயே சிலிர்த்துப்போனேன், அதை அவனிடம் சொன்னேன்.

மகளுக்கு இப்போது 15. மேல் தட்டில் இருப்பதில் ஒன்றைக் கேட்டிருக்கிறாள், பழிவாங்கும் பெண் பேயின் கதைதான், அந்தப் பழைய கதை அத்தியாயம் பத்துப் பக்கத்துக்கு மேல் போகிறது. எழுதியவர் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று எழுதியிருக்கிறார், ருசிக்காக எழுதவில்லை, அதனால் மறுக்கவில்லை. இந்த விடுமுறையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், விரும்பினால் இருவரும் சேர்ந்து வாசிக்கலாம், விரும்பினால் அதைத் தாண்டிப் போகலாம் என்றும் சொன்னேன். சேர்ந்து வாசிப்போம் என்றாள்.